இமைக்கிற பாறை

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பொள்ளாச்சிக்காரர்கள் சிரித்து ஓய்ந்து ரொம்ப நாளாகிறது.

சிஷ்யர் பெயர் நாச்சிமுத்து. முப்பது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவர் படம் பிடித்த மாப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் அவரேதான் கல்யாணம் எடுத்துக் கொடுத்தார். எடுத்ததை அப்படியே கொடுத்துவிட மாட்டார். கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் வைத்திருந்தார். அதை அமுக்கினால் பெண்ணின் முகத்தில் பரு இருக்காது, மாமனார் முகத்தில் சுருக்கம் இருக்காது, மண்டபத்துச் சுவரில் கறை இருக்காது. அந்தப் பட்டனுக்கு ஸ்டூடியோவில் 'பவுடர்' என்று பெயர். பவுடர் போடாத வீடியோ அவர் கையிலிருந்து போனதே கிடையாது.

குரு பெயர் கோகிலா. தேங்காய் மண்டிக்கு மேலே அவளுக்கு ஒரே ஒரு அறை. பெரிய வீடியோவைச் சின்னதாகச் சுருக்கித் தருவது தொழில். யானையைப் பானைக்குள் அடைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த பிறகும் யானை யானையாகவே தெரிய வேண்டும்.

நாச்சிமுத்துவின் வீடியோக்கள் டிவியில் ஜோராக ஓடும். போனுக்கு அனுப்பினால் கொழகொழத்துப்போகும். ஏன் என்று தெரியாமல் ரெண்டு வருஷம் தவித்தார். கடைசியில் ஒரு விஜயதசமி காலையில், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு மண்டி மாடிப்படி ஏறிவிட்டார்.

"ஏனுங் அம்மணி, என்னையும் சேத்துக்கோங்க."

"ஐயோ, என்னங்ணா இது!" என்று பதறி எழுந்தாள் கோகிலா. ஆனாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் பதில் வராது, வேலை வரும்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளிங்கிரி என்பவர் வந்தார். ஆனைமலைக் காட்டில் காவலர். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து, சாமி படத்தை வைக்கிற மாதிரி மேஜைமேல் வைத்தார்.

"எங்க பக்கம் தேன்பாறை ஓடைன்னு ஒண்ணு இருக்குதுங்க. மழைக்கு முந்தி ஒரு மாசம், ரெண்டு கரை மரத்துலயும் மின்மினி. எண்ணி முடியாதுங்க. அத்தனையும் ஒண்ணா மின்னும், ஒண்ணா அணையும்."

"ஒண்ணாவா? புருடா உடாதீங்க" என்றார் நாச்சிமுத்து.

"கண்ணால பாத்ததைச் சொல்றனுங்க. மூணு வருசமாப் படம் புடிச்சிருக்கறேன்."

ஓடையை ஒட்டி ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு ரோடு போகிறது. அந்த ரோட்டில் நாற்பது விளக்குக் கம்பம் நடப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம்.

"வெளக்கு வந்தா என்னாகும்?" என்று கேட்டாள் கோகிலா.

"ஆம்பளப் பூச்சி மின்னுறதே பொட்டப் பூச்சிக்குச் சேதி சொல்லத்தானுங்க. வெளிச்சத்துல அந்தச் சேதி போய்ச் சேராது. சேதி சேரலைன்னா சோடி சேராது. மூணு நாலு வருசம் போனா வெறும் மரந்தானுங்க இருக்கும்." 

போனிலேயே சுருக்கி ஒரு வீடியோவை, கூட்டம் நடத்துகிறவர்களுக்கு அவர் ஏற்கெனவே அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படமே முழுக்கப் படக் படக்கென்று துடிக்கிறது, இதில் பூச்சி ஒன்றாக மின்னுகிறதா உங்கள் வீடியோ மின்னுகிறதா என்று எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஞாயமான கேள்விதானுங்க. நான் என்னத்தச் சொல்றது? இன்னொருக்கா அனுப்புன்னு சொல்லியிருக்கறாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. அம்பது எம்பிக்கு மேல போனா அந்தக் கம்ப்யூட்டர் வாங்கிக்காதாம். இதுதான் கடைசி."

"இதை எங்கிட்ட உடுங்க" என்று நாச்சிமுத்து கையை நீட்டினார். முப்பது வருஷத்துக் கை. அது சும்மா இருக்குமா?

கோகிலா கொஞ்சம் யோசித்தாள். "சரிங்ணா, நீங்களே பண்ணுங்க. மொதல்ல ஒருக்கா முழுசாப் பாத்துருங்க."

"பாக்கறதுக்கு என்ன இருக்குது அம்மணி? வெறும் இருட்டுதானே."

அவள் ஹார்டு டிஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அன்று பூராவும் நாச்சிமுத்து உட்கார்ந்தார். இருட்டு இருட்டாக இல்லை. அதில் ரவை தூவியது போலப் பொடிப்பொடியாக ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படத்திலும் இது இருக்கும். ச்சீ, அழுக்கு என்று ஒரு அமுக்கு அமுக்கினார், பவுடரை. காடு பட்டுச்சேலை போல வழவழவென்று ஆயிற்று. பிறகு சுருக்கினார். ஓட்டிப் பார்த்தார்.

படக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி படக். காடு மொத்தமும் துடித்தது.

அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. மண்டபத்து டியூப்லைட் துடித்தால் போடுகிற ஒரு வடிகட்டி. ஏறுகிற வெளிச்சத்தையும் இறங்குகிற வெளிச்சத்தையும் அது ஒரே மட்டமாக்கிவிடும். போட்டார். துடிப்பு போயே போச்சு. கைவலிக்கு நெட்டி முறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

புதன்கிழமை காலை வெள்ளிங்கிரி வந்தார். நாச்சிமுத்து வீடியோவை ஓட்டிவிட்டு, மார்பில் கைகட்டி நின்றார். நிற்பதிலேயே ஒரு மிதப்பு.

வெள்ளிங்கிரி பார்த்தார். குனிந்து கிட்டப் போய்ப் பார்த்தார். இருட்டில் அங்கங்கே மங்கலாகச் சில புள்ளிகள். மின்னவும் இல்லை, அணையவும் இல்லை. கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு போல எரிந்துகொண்டே இருந்தன.

"அண்ணா, பூச்சி எங்கீங்க?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "அது... துடிப்பை எடுத்தனில்ல..."

"மின்னுறதும் துடிப்புதானுங்களே" என்றார் வெள்ளிங்கிரி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது நாச்சிமுத்துவுக்கு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பிள்ளையாரும் தன்னுடையதில்லை, இன்னொருத்தருடையது. அந்த மனுஷனுக்கு ஒன்றரை நாள்தான் பாக்கி. நாச்சிமுத்து கோகிலாவைப் பார்த்தார்.

"அம்மணி, துடிப்பை எடுத்தா பூச்சி போகுது. பூச்சியை வெச்சுக்கிட்டா துடிப்பும் கூடவே இருக்குது. இதை எப்படித்தான் சரி பண்றது?"

கோகிலா எழுந்து போய்க் கீழே மண்டியிலிருந்து நாலு சாக்கு வாங்கி வந்தாள். ஜன்னலை மூடினாள். அறை கும்மிருட்டானது. பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் நாச்சிமுத்து கையில் கொடுத்தாள்.

"வெள்ளிங்கிரியண்ணன் போன்ல சுருக்குன வீடியோ இதுங்ணா. படம் துடிக்கறப்பெல்லாம் தட்டுங்க."

"இந்த வயசுல டம்ளர் தட்டச் சொல்றீங்களே."

"தட்டுங்ணா."

தட்டினார். டிங். டிங். டிங். இருபது தட்டு ஆனதும் கோகிலா கடிகாரத்தைக் காட்டினாள். சரியாக நாற்பது செகண்டு. தட்டுக்குத் தட்டு ரெண்டு செகண்டு, இம்மி பிசகவில்லை.

அடுத்து அவள் ஒரு அட்டையில் கைவிரல் நுழைகிற அளவு ஓட்டை போட்டு, திரையின்மேல் வைத்தாள். ஓட்டை வழியாக ஓடையோரத்துப் பாறை மட்டும் தெரிந்தது. அங்கே பூச்சி ஏதும் கிடையாது.

"இப்பத் தட்டுங்க."

டிங். டிங். டிங். அதே ரெண்டு செகண்டு. பாறையும் இமைத்துக்கொண்டிருந்தது!

"அட சாமி" என்றார் வெள்ளிங்கிரி. "பாறை எங்கயாச்சும் இமைக்குமா?"

"இமைக்காதுல்லீங்க. அப்ப இந்தத் துடிப்பு மெஷினோடது. காட்டோடது இல்ல." கோகிலா சுருக்காத அசல் வீடியோவைப் போட்டாள். அட்டை அப்படியே இருந்தது. "இப்பத் தட்டுங்ணா."

நாச்சிமுத்து ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். பாறை அசையவில்லை. ரவை மட்டும் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. ஸ்பூன் இறங்கவில்லை.

கோகிலா அட்டையை எடுத்துவிட்டாள்.

"இப்ப மரத்தைப் பாத்துத் தட்டுங்க."

இடது ஓரத்தில் ஒரு மரம், அதிலிருந்த அத்தனை பூச்சியும் ஒன்றாக, மின்னியது. நாச்சிமுத்து தட்டினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த மரம் மின்னியது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. வெளிச்சம் மரத்துக்கு மரம் கை மாறி, கரையோடு ஓடி, தண்ணீரைத் தாண்டி, எதிர்க்கரை மரங்களில் ஏறி, மலைச்சரிவு முழுக்கப் பரவி அணைந்தது. காடே ஒரு மூச்சு இழுத்து விட்டாற்போல இருந்தது. ஒரு கணம் இருட்டு. பிறகு முதல் மரம் மறுபடி சேதி சொன்னது. மற்ற மரங்கள் கேட்டன.

எங்கே தட்டுவது? எந்த மரத்துக்குத் தட்டுவது? ஸ்பூன் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

மூவாயிரம் கல்யாணம் எடுத்த மனுஷன். மேளம் கொட்டும்போதும், தாலி ஏறும்போதும், பெண்ணைப் பெற்றவர் கண்ணைத் துடைக்கும்போதும், கேமராவுக்குப் பின்னால் கல்லாக நின்ற ஆள். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஒரு நாள் பூரா இதே வீடியோவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறார். ஒரு தடவைகூட இதைப் பார்க்கவில்லை.

"எப்பா..." என்றார்.

வெள்ளிங்கிரி பக்கத்தில் நின்று, குழந்தையைக் காட்டுகிற தகப்பன் போலச் சிரித்தார். "நான் சொன்னப்ப புருடான்னீங்களே."

"தெரியாமச் சொல்லிட்டனுங்க" என்று நாச்சிமுத்து கும்பிட்டுவிட்டார்.

அன்று பூராவும் நாச்சிமுத்து அந்தப் பன்னிரண்டு நிமிஷ அசலைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வியாழக்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பித்தது.

"மொதல்ல பவுடரை எடுங்ணா" என்றாள் கோகிலா.

"ரவையோடவே உடறதா? அழுக்காத் தெரியுமே."

"உடுங்க."

பவுடரை எடுத்தார். சுருக்கினார். துடிப்பு பாதி குறைந்தது. அவரால் நம்ப முடியவில்லை. "இதென்னங் அம்மணி கூத்து? சுத்தம் பண்ணுனா கெடுது, அழுக்கோட உட்டா நல்லாவுது!"

"மெஷின் எல்லாப் படத்தையும் முழுசா வரையறதில்லீங்ணா. ஒண்ணை முழுசா வரையும். அப்பறம் ரெண்டு செகண்டுக்கு, என்ன மாறுச்சோ அதை மட்டும் குறிச்சுக்கும். இருட்டுல ஒண்ணும் மாறலைன்னு உட்டுரும். மறுபடி முழுசா வரையறப்ப, உட்டுப்போனதெல்லாம் ஒரேயடியா வந்து நிக்கும். அதுதான் அந்தப் படக். வழவழன்னு இருந்தா அது பளிச்சுனு தெரியும். ரவை இருந்தா அவ்வளவாத் தெரியாது."

"இருட்டை மட்டும் ஏன் அப்படி உட்டுருது?"

"நாளைக்குச் சொல்றேங்ணா. இப்ப மணி பத்து."

ரவை இடத்தை அடைக்கும். சுருக்கியும் வீடியோ முந்நூறு எம்பிக்கு நின்றது. எதை விடுவது என்று கேட்டாள் கோகிலா. நாச்சிமுத்து வழக்கமாகத் தரத்தைத்தான் குறைப்பார். இன்று அதற்குக் கை போகவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் போதும் என்றார். எந்த மூன்று என்று வெள்ளிங்கிரியைக் கேட்டார். வெள்ளிங்கிரி கண்ணை மூடிக்கொண்டு, "ஆறாவது நிமிசத்துலிருந்துங்க. அப்பத்தான் எதிர்க்கரை சேர்ந்துக்கும்" என்றார்.

படத்தின் அளவைக் கொஞ்சம் சின்னதாக்கினார்கள். வெளிச்சத்துக்கு ஒதுக்குகிற பங்கில் கிள்ளி இருட்டுக்குக் கொடுத்தார்கள். ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் முழுசாக வரைவதை மாற்றி, பத்து செகண்டுக்கு ஒருதரம் வரையவிட்டார்கள். புதுசாக வரைகிற படத்துக்கும் அதற்கு முந்தின படத்துக்கும் நடுவே ஏற்றத்தாழ்வு தெரியாதபடி, ஓரவஞ்சனை இல்லாமல் பங்கு வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் மெஷின் நாற்பது நிமிஷம் முனகும். ஐம்பத்தெட்டு எம்பி. ஐம்பத்திநாலு. ஐம்பத்தொன்று. நாச்சிமுத்து மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு நாற்பத்தொன்பதரையில் வந்து நின்றது.

"அனுப்பிரலாமுங்களா?" என்று வெள்ளிங்கிரி வேர்த்து விறுவிறுத்துக் கேட்டார்.

"பொறுங்க" என்றார் நாச்சிமுத்து. யாரும் சொல்லாமலே ஜன்னலுக்குச் சாக்கை இழுத்துவிட்டார். அட்டையை எடுத்துப் பாறைமேல் வைத்தார். டம்ளரையும் ஸ்பூனையும் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்று நிமிஷம். கீழே மண்டியில் தேங்காய் உருளுகிற சத்தம் கேட்டது. டம்ளர் சத்தம் கேட்கவே இல்லை.

"பாறை தூங்குது" என்றார் நாச்சிமுத்து. வெள்ளிங்கிரி அனுப்புகிற பட்டனை அமுக்கியபோது மணி நாலு முப்பத்தைந்து.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நாச்சிமுத்துவும் கூடவே போனார். கோகிலாவைக் கூப்பிட்டதற்கு, "நீங்க பண்ணுனது, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை அவர் வழி நெடுக மென்றுகொண்டே போனார்.

கூட்டத்தில் ஏழெட்டுப் பேர். தலைமை ஒரு அம்மா, கண்டிப்பான முகம். ரோடு போடுகிற இன்ஜினியர் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். நல்ல மனுஷன்தான். பைக்காரன் விழுந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறவர்.

"மேடம், அந்த ரெண்டு கிலோமீட்டர்ல அப்படி என்னதான் இருக்குது? வெறும் இருட்டுதானே" என்றார் அவர்.

வெள்ளிங்கிரி எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், "வீடியோவைப் பாத்துருங்கம்மா" என்றார் நாச்சிமுத்து. "ஆனா லைட்டை அணைச்சுட்டுப் பாக்கோணும்."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜன்னல் திரைகளை மூடச் சொன்னார்.

முதல் மரம் மின்னியது. அடுத்த மரம் மின்னியது. யாரோ பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். எதிர்க்கரை சேர்ந்துகொண்டபோது இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அவருக்கே தெரியாமல் எழுந்திருக்க வேண்டும். டீ கொண்டு வந்தவர் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். டீயில் ஆடை கட்டியது.

மூன்று நிமிஷம் முடிந்தது. லைட்டைப் போட யாரும் போகவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் அந்த அம்மா. கண்டிப்பான குரல் எங்கேயோ போயிருந்தது.

ரெண்டாவது தடவை முடிந்ததும் இன்ஜினியர்தான் முதலில் பேசினார். "மேடம், பைக்காரங்களுக்கு ரோட்டோரம் ஒளிரும் பட்டை ஒட்டிரலாம். அந்த ரெண்டு கிலோமீட்டர் கம்பத்தை எடுத்துருவோம்." வரைபடத்தில் அவரே பென்சிலால் கோடு போட்டார். வெள்ளிங்கிரி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் நாச்சிமுத்து மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாவி ஏறினார். முழங்கால் வலி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நடந்தது அத்தனையும் ஒன்று விடாமல் சொன்னார். டீயில் ஆடை கட்டியதைக்கூட விடவில்லை. கோகிலா அந்த டம்ளரிலேயே அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

காபி பாதி ஆனதும் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அம்மணி, ஒண்ணு பாக்கி இருக்குது. மெஷின் இருட்டை மட்டும் ஏன் உட்டுருதுன்னு கேட்டேன். இன்னைக்குச் சொல்றேன்னீங்க."

"அந்த இன்ஜினியர் மொதல்ல என்னமோ சொன்னாருன்னீங்களே, என்னங்ணா அது?"

"'அங்க என்னதான் இருக்குது, வெறும் இருட்டுதானே'ன்னாரு."

"மெஷினும் அதையேதான் சொல்லுச்சுங்ணா."

நாச்சிமுத்து சிரிக்கப் போனார். செவ்வாய்க்கிழமை இதே அறையில் தானும் அதையே சொன்னது காதில் கேட்டது. டம்ளரை மெல்ல, சத்தம் வராமல், கீழே வைத்தார்.